பிரேமிளாவின் ஒன்பது இலக்கங்கள்

பிரேமிளாவுக்கு எண்களைச் சும்மா விடத் தெரியாது. கண்ணில் ஓர் எண் பட்டால் அது எதால் வகுபடும் என்று பார்த்துவிட வேண்டும். பார்க்கும்வரை பல்லில் இறைச்சித் துணுக்கு மாட்டியதுபோல ஓர் அரியண்டம்.

பரந்தனுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில், வயலுக்கு இறங்கும் கிரவல் பாதையொன்றை ரயில் தண்டவாளம் குறுக்கறுக்கும் இடத்தில் அவளுக்கு வேலை. ரயில் வரும்போது தடைக்கம்பத்தை இறக்க வேண்டும், போனதும் தூக்க வேண்டும். காலை ஆறிலிருந்து பின்னேரம் இரண்டு மணிவரை அவள். அதற்குப் பிறகு சதீஸ். ஒரு தகரக் கொட்டில், ஒரு பிளாஸ்ரிக் கதிரை, ஒரு பச்சைக் கொடி, ஒரு சிவப்புக் கொடி. ரயிலுக்கும் ரயிலுக்கும் நடுவில் நேரம் கிடந்து நீளும். கம்பத்துக்கு முன்னால் வந்து நிற்கும் வாகனங்களின் இலக்கத் தகடுகள்தான் அவளுக்குத் தீனி.

ஒருநாள் 4187 என்ற இலக்கத்தோடு ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மூன்றால் போகவில்லை, ஏழால் போகவில்லை, பதினொன்று, பதின்மூன்று, எதுவுமே சரிவரவில்லை. ரயிலின் கடைசிப் பெட்டி கடக்கும்போது அவள் வாய் தானாகக் கத்தியது.

"ஐம்பத்து மூண்டு தர எழுபத்தொன்பது!"

சைக்கிள்காரன் திடுக்கிட்டுப்போனான். "என்னக்கா? என்னட்டையோ கேக்கிறியள்?"

"ஒண்டுமில்லை, நீர் போம்" என்று கம்பத்தைத் தூக்கிவிட்டாள். அன்று முழுக்க அவளுக்கு நல்ல நாள்.

அவளுடைய அப்பா மாயாண்டி ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து எழுபத்தெட்டில் வன்னிக்கு வந்து, தருமபுரத்தில் காடு வெட்டிக் குடியிருந்தவர். பிரேமிளா பிறந்தது இங்கேதான். சாதாரணதரத்தில் கணிதத்துக்கு ஏ எடுத்தாள். உயர்தரத்தில் கணிதம் படிக்கக் கொள்ளை ஆசை. அந்தப் பிரிவுக்குப் படிப்பிக்க அப்போது அங்கே ஆளில்லை. அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு கலியாணம், ஓட்டம், முகாம், திரும்பிவந்து வீடு கட்டியது எல்லாம் நடந்தன. அடையாள அட்டையைப் பொலித்தீனில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டுதான் அவள் அத்தனை இடமும் கடந்தாள். நூற்றுக்கணக்கான படிவங்களில் அந்த இலக்கத்தை எழுதியிருப்பாள். ஒருநாளும் அதை ஓர் எண்ணாகப் பார்த்ததில்லை.

பார்த்தது 2025 தை மாதத்தில்; இந்த ஊர்க் கணக்கில் ஜனவரிதான் தை, மேதான் வைகாசி. கடவைக் காவலாளிகளின் விபரங்களைப் புதுப்பிக்க ஒரு பொலிஸ்காரர் வந்து, "ஐசி நம்பரை எழுதுங்கோ" என்று தாளை நீட்டினார். பிரேமிளா எழுதினாள்: 856354789 V. எழுதிய கை அப்படியே நின்றது.

எண்பத்தைந்து என்பது பிறந்த வருடம். அறுநூற்று முப்பத்தைந்து, வைகாசி பதினாலாம் திகதி; மாசிக்கு எப்போதும் இருபத்தொன்பது நாள் வைக்கும் அட்டைக் கணக்கில் ஆண்டின் நூற்று முப்பத்தைந்தாம் நாளோடு, பெண் என்பதற்காக ஐந்நூறு கூட்டியது. மிச்சம் அவளுக்கென்று விழுந்த தொடரிலக்கம். இவ்வளவும் அவளுக்குத் தெரியும். ஆனால் இவை சேர்ந்து எண்பத்தைந்து கோடியைத் தாண்டிய ஒரு முழு எண்ணாக இத்தனை வருடம் தன் சட்டைக்குள்ளேயே கிடந்திருக்கிறது என்பது அந்தக் கணத்தில்தான் உறைத்தது.

'இது எதால் போகும்?'

பொலிஸ்காரர் தண்டவாளத்தைத் தாண்டுமுன் அவள் இலக்கங்களைக் கூட்டிவிட்டாள். ஐம்பத்தைந்து. மூன்றால் வகுத்தால் ஒன்று மீதி. ஏழால் மூன்று மீதி. பதினொன்றால் நாலு. பதின்மூன்றாலும் நாலு. இலக்கத் தகடுகளென்றால் இதற்குள் பாதி சரிந்திருக்கும். நாலு இலக்க எண்ணுக்குத் தொண்ணூற்றேழுவரை பார்த்தால் போதும். ஓர் எண் இரண்டாக உடைந்தால், சிறிய துண்டு அந்த எண்ணின் வர்க்கமூலத்துக்கு மேலே போகாது என்பது பள்ளிக்கூடத்தில் படித்தது. ஆனால் இந்த எண்ணின் வர்க்கமூலம் இருபத்தொன்பதாயிரத்துக்கும் மேலே நின்றது. அதுவரை உள்ள முதன்மை எண்களையெல்லாம், அதாவது தன்னாலும் ஒன்றாலும் மட்டுமே வகுபடும் எண்களையெல்லாம், ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். அப்படி மூவாயிரத்துக்கு மேலே இருக்கின்றன.

அடுத்த நாள் வேலைக்கு வரும்போது ஒரு புதுக் கொப்பி வாங்கிக்கொண்டு வந்தாள்.

முப்பத்தொன்றால் வகுத்தாள். ஒன்று மீதி. ஒரேயொன்று! முப்பத்தேழால் வகுத்தாள். அதற்கும் ஒன்று மீதி. "என்னோட விளையாடுறாய் என்ன?" என்று கொப்பியைப் பார்த்துச் சொன்னாள். நூறு தாண்டியது, இருநூறு தாண்டியது. எண் அசையவில்லை. ஒரு பிழை விட்டால் எல்லாம் வீணென்று ஒவ்வொரு வகுத்தலையும் இரண்டு தரம் செய்தாள்.

அவளுடைய கணவன் சுதாகரன் நெல் வெட்டும் மெசின் ஓட்டுபவன். மாசியில் அறுவடை மும்முரம். உடம்பெல்லாம் சுணையோடு வந்து கிணற்றடியில் நின்றபடி கேட்டான்.

"உன்ர ஐசி நம்பரைப் போட்டு ஏனப்பா இந்த வெட்டு வெட்டுறாய்?"

"வெட்டுப்படுதில்லையே! அதுதானே விசயம்."

"என்ரயைப் போட்டுப் பார் அப்ப."

அவன் சொல்லி முடிக்கவும் அவள் சிரிக்கவும் சரியாக இருந்தது. "மூண்டால போகுது. உங்கட நம்பர் முதல் அடியிலயே விழுந்திட்டுது."

"நான் இளகின ஆள்" என்று அவன் தலையில் தண்ணீரை ஊற்றினான். "நீதான் கல்லு."

கல்லு என்ற அந்தச் சொல் அவளுக்குப் பிடித்துவிட்டது. தன் எண்ணே ஒரு முதன்மை எண்ணாக இருந்தால்? ஒருவராலும் உடைக்க முடியாத எண்ணாக? அடுத்த முதன்மை எண்ணை எடுத்தாள்.

பங்குனியில் சதீஸ் ஒரு வேலை பார்த்துவிட்டான். முப்பது வயதுக்காரன், பகிடிக்காரன், நல்லவன். இரண்டு மணிக்கு வேலைக்கு வந்தவன் போனை ஆட்டிக் காட்டினான்.

"பிரேமிளாக்கா, கொப்பியில கிடந்த உங்கட நம்பரைப் போனில போட்டனான். ஒரு செக்கன்தான். மறுமொழி வந்திட்டுது. சொல்லட்டோ?"

பிரேமிளா இரண்டு காதையும் பொத்தினாள். "டேய், வாயைத் திறந்தியோ, இந்தக் கொடித்தடியாலயே அடிப்பன்!"

"உடையுமோ உடையாதோ எண்டு மட்டும்..."

"ஒண்டும் வேண்டாம்! உன்ர மூஞ்சையையும் அங்கால திருப்பு. உன்ர முழியைப் பாத்தாலே எனக்கு விளங்கிப்போயிடும்."

அதற்குப் பிறகு வேலை கைமாறும் நேரமெல்லாம் அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் தண்டவாளத்தைப் பார்த்தே கதைத்தாள். அவன் மறுமொழியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு நெளிவான். "எத்தினையில நிக்கிறியள் அக்கா?" என்று மட்டும் கேட்பான். "அறுநூற்றிப் பதின்மூண்டு." "ஆயிரத்து ஒன்பது." அவன் தலையாட்டிக்கொண்டு போவான்.

ஆனி பிறந்தபோது 1601 ஐயும் வகுத்து முடித்திருந்தாள். இருநூற்று ஐம்பத்திரண்டு முதன்மை எண்கள், இருநூற்று ஐம்பத்திரண்டு தோல்விகள். இந்த வேகத்தில் போனால் முடிக்க ஐந்து வருடம் வேண்டும். அன்று முதல் தடவையாக அவளுக்குக் கொஞ்சம் களைத்தது. மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று கிரவல் புழுதியை அள்ளிக் கொட்டிலுக்குள் வீசியது. கொப்பியை மூடிவிட்டு, ரயில் நேரம் பதியும் பதிவேட்டை எடுத்துத் திகதி போட்டாள். 2025.

நாற்பத்தைந்து தர நாற்பத்தைந்து. அது அவளுக்குத் தை முதலாம் திகதியே தெரியும். ஒரு முழு வர்க்கமாக வரும் வருடம் ஒருவருடைய ஆயுளில் ஒருதரமோ இருதரமோதான் கிடைக்கும் என்று அன்றைக்கே சுதாகரனிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டவள். இப்போது கை சும்மா இருக்காமல் பதிவேட்டின் ஓரத்தில் பக்கத்து எண்களைப் பெருக்கிப் பார்த்தது. நாற்பத்து நாலு தர நாற்பத்தாறு, 2024. நாற்பத்து மூன்று தர நாற்பத்தேழு, 2021. நாற்பத்திரண்டு தர நாற்பத்தெட்டு, 2016.

இரண்டு பக்கமும் ஓரடி விலகினால் ஒன்று குறைகிறது. இரண்டடி விலகினால் நாலு குறைகிறது. மூன்றடி விலகினால் ஒன்பது.

ஒன்று, நாலு, ஒன்பது. குறைவதும் வர்க்கம்!

பிரேமிளா கதிரையிலிருந்து எழுந்துவிட்டாள். யாராவது 2021 ஐத் தந்து உடை என்று சொன்னால்? மூன்று, ஏழு, பதினொன்று என்று தட்டிக்கொண்டு போகத் தேவையில்லை. மேலேயுள்ள வர்க்கத்துக்கு ஏற வேண்டும், 2025. எவ்வளவு குறை? நாலு. நாலு, இரண்டின் வர்க்கம். அப்படியென்றால் நாற்பத்தைந்தில் இரண்டைக் கழி, இரண்டைக் கூட்டு. நாற்பத்து மூன்று, நாற்பத்தேழு. முடிந்தது. ஒரு வகுத்தல்கூட இல்லை!

"ஐயோ," என்றாள் வாய்விட்டு, "ஐயோ, நான் இவ்வளவு நாளும் கீழயிருந்தெல்லோ ஏறினனான். நடுவிலயிருந்து தொடங்கியிருக்க வேணும்!"

கொப்பியைப் பறித்துத் திறந்தாள். அவளுடைய எண்ணுக்கு மேலேயுள்ள முதல் வர்க்கம் எது? 29,263 ஐ வர்க்கித்தாள், சற்றுக் குறைந்தது. 29,264 ஐ வர்க்கித்தாள்: 856,381,696. கூடிவிட்டது. தன் எண்ணைக் கழித்தாள். மிச்சம் 26,907. இந்த மிச்சமும் ஒரு வர்க்கமாக இருந்தால்தான் சரி.

எந்த எண்ணை வர்க்கித்தாலும் கடைசி இலக்கம் ஏழாக வராது. சரி, இது இல்லை.

அடுத்தது 29,265. திரும்பவும் அவ்வளவு பெரிய பெருக்கல் செய்யப் பேனையை வைத்தவள், வைத்தபடியே சிரித்தாள். ஏன் பெருக்க வேண்டும்? அடுத்த வர்க்கத்துக்குப் போக, இந்த எண்ணையும் அடுத்த எண்ணையும் கூட்டினால் போதுமே. 29,264 உம் 29,265 உம் 58,529. அதை 26,907 உடன் கூட்டினாள். 85,436.

கடைசியில் ஆறு, இது வர்க்கமாக இருக்கலாம். 292 இன் வர்க்கம் 85,264. 293 இன் வர்க்கம் 85,849. நடுவில் விழுந்துவிட்டது. இல்லை.

அடுத்தது 29,265 உம் 29,266 உம், 58,531 ஐக் கூட்ட வேண்டும். 143,967. திரும்பவும் ஏழு. இல்லை.

போன் அடித்தது. ரயில் பரந்தனை விட்டுவிட்டது.

பேனை கொப்பிக்குள்ளேயே கிடந்தது. பிரேமிளா ஓடிப்போய்க் கம்பத்தை இறக்கினாள். இந்தப் பக்கம் ஒரு உழவு இயந்திரம் வந்து நின்றது. அதன் பின்னால் ஸ்கூட்டியில் கௌசலா ரீச்சர். அயலிலுள்ள பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிப்பவர், தினமும் இதால் போய்வருபவர். அந்தப் பக்கம், வேலைக்கு நேரத்தோடு வந்த சதீஸ் தன் சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றான்.

பச்சைக் கொடியை விரித்துப் பிடித்தாள். கண் தண்டவாளத்தில், காது ரயிலில். தலைக்குள் மட்டும் 143,967 நின்றது. அடுத்துக் கூட்ட வேண்டியது 29,266 உம் 29,267 உம், 58,533. ஏழும் மூன்றும் பத்து; பூச்சியம், கையில் ஒன்று. ஆறும் மூன்றும் ஒன்றும் பத்து; பூச்சியம், கையில் ஒன்று. இரண்டு பூச்சியம்! ரயில் ஊதிக்கொண்டு வந்தது. ஒன்பதும் ஐந்தும் ஒன்றும் பதினைந்து. ஐந்து, கையில் ஒன்று. நிலம் அதிர்ந்தது. மூன்றும் எட்டும் ஒன்றும் பன்னிரண்டு. இரண்டு, கையில் ஒன்று. நாலும் ஐந்தும் ஒன்றும் பத்து. பூச்சியம், கையில் ஒன்று. ஒன்றும் ஒன்றும் இரண்டு.

இரண்டு லட்சத்து இரண்டாயிரத்து ஐந்நூறு. 202,500.

இரண்டாயிரத்து இருபத்தைந்துக்குப் பின்னால் இரண்டு பூச்சியம்!

நானூற்று ஐம்பதின் வர்க்கம்!

பிரேமிளா கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. ரயிலின் இரைச்சல் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. யன்னலோரப் பயணிகள் சிலர், யாரோ தங்களுக்குத்தான் கொடி ஆட்டிக் குதிக்கிறார்கள் என்று நினைத்துத் திருப்பிக் கையசைத்தார்கள். கடைசிப் பெட்டி போய்விட்டது. அவள் கொடியை விரித்தபடியே நின்றாள். உழவு இயந்திரக்காரன் ஹோர்ன் அடித்தான். பிறகு நீட்டி அடித்தான்.

"அக்கா!" மறுபக்கத்திலிருந்து சதீஸ் கூவினான். "அக்கா, கண்டுபிடிச்சிட்டியளோ?"

அவள் அன்றைக்குத்தான், மூன்று மாதத்துக்குப் பிறகு, அவன் முகத்தைப் பார்த்தாள். கம்பத்தைத் தூக்கிவிட்டுக் கொட்டிலுக்குள் ஓடினாள். 29,267 இல் 450 ஐக் கழித்தாள். 450 ஐக் கூட்டினாள். சதீஸ் சைக்கிளைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்க, அவள் உரக்க வாசித்தாள்.

"இருபத்தெட்டாயிரத்து எண்ணூற்றிப் பதினேழு. இருபத்தொன்பதாயிரத்து எழுநூற்றிப் பதினேழு."

சதீஸ் போனைத் திறந்து படம்பிடித்து வைத்திருந்ததைக் காட்டினான். 28817 × 29717. "மூண்டு மாசமா வயித்துக்குள்ள வைச்சிருந்தனான் அக்கா! சாப்பாடு செமிக்கேல்லை எனக்கு!"

அவள் போனை நம்பிவிடவில்லை. இரண்டையும் தானே பெருக்கினாள். வரிவரியாகக் கூட்ட, வலப்பக்கத்திலிருந்து அவளுடைய சொந்த இலக்கங்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. ஒன்பது, எட்டு, ஏழு, நாலு, ஐந்து, மூன்று, ஆறு, ஐந்து, எட்டு. கடைசி எட்டையும் எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தாள்.

"உந்த ரெண்டும் இன்னும் உடையுமோ?" என்றொரு குரல் கேட்டது. கௌசலா ரீச்சர் ஸ்கூட்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து நின்றார்.

"பாக்க வேணும் ரீச்சர்" என்று சொல்லத் தொடங்கிய பிரேமிளா, பாதியில் நின்றாள். கொப்பியின் முன்பக்கங்களைப் புரட்டினாள். ஒவ்வொரு பக்கமும் மீதி, மீதி, மீதி. அவள் முகம் மெல்ல மெல்ல விரிந்தது.

"உடையாது ரீச்சர். உடையவே உடையாது!"

"எப்பிடிச் சொல்லுறீர்?"

"இந்தத் துண்டில ஒண்டு உடைஞ்சால், அதின்ர சின்னத் துண்டு நூற்றி எழுபத்தி ரெண்டுக்கு மேல போகேலாது. அந்தச் சின்னத் துண்டு என்ர பெரிய நம்பரையும் வகுத்திருக்க வேணுமெல்லோ? நான் ஆயிரத்து அறுநூறு மட்டும் போட்டுப் பாத்திட்டன். ஒண்டும் வகுக்கேல்லை. ரெண்டும் முதன்மை எண்தான்!"

இருநூற்று ஐம்பத்திரண்டு தோல்விகள் என்று அவள் எண்ணியிருந்த பக்கங்கள், அந்த ஒரே மூச்சில் அத்தாட்சியாக மாறி நின்றன. ரீச்சர் கொப்பியை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"நடுவிலயிருந்து தொடங்க வேணுமெண்டு ஆர் சொல்லித் தந்தது?"

"ஒருத்தருமில்லை ரீச்சர். இந்த வருசம்தான்." பிரேமிளா பதிவேட்டின் ஓரத்தைக் காட்டினாள்.

ரீச்சர் தயங்கித்தான் சொன்னார். "பிரேமிளா, இந்த வழி முந்தியே இருக்கு. பிரான்சில ஒராள் கிட்டத்தட்ட நானூறு வருசத்துக்கு முந்திக் கண்டுபிடிச்சவர்."

சதீஸின் முகம் விழுந்துவிட்டது. பிரேமிளாவின் முகமோ இன்னும் மலர்ந்தது.

"மெய்யாவோ? அப்ப அந்த மனிசனுக்கும் இப்பிடித்தானே குதிக்க வேணும்போல இருந்திருக்கும்!"

அன்றைக்கு அவள் வீட்டுக்கு நடக்கவில்லை, பறந்தாள். சுதாகரன் பரந்தன் பக்கம் ஒரு மெசின் திருத்திக்கொண்டிருந்தான். போன் எடுத்துச் சொன்னாள். அவன் முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப நீ கல்லு இல்லை?" என்றான்.

"ரெண்டு கல்லு!" என்றாள் அவள். அவன் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த நட்டுத் திருகும் சாவி தகரத்தில் விழுந்த சத்தம் இவளுக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு அந்தக் கடவையில் ரயிலுக்குக் காத்து நிற்பவர்கள் ஹோர்ன் அடிப்பது குறைந்துவிட்டது. "அக்கா, என்ர போன் நம்பர் உடையுமோ?" என்று கேட்கத் தொடங்கினார்கள். கௌசலா ரீச்சர் ஒருநாள் தன் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் அவளைக் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தினார். கரும்பலகையைப் பார்த்ததும் பிரேமிளா ஓரடி பின்னுக்குப் போனாள். சோக்கட்டியைக் கையில் எடுத்து 2021 என்று எழுதியதும் தயக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. பாடம் முடிந்த மணி அடித்தும் ஒரு பிள்ளையும் எழும்பவில்லை.

புரட்டாதியில் அவளுடைய அடையாள அட்டை மடிப்பில் பிளந்துவிட்டது. புதிதுக்கு எழுதிக் கொடுத்தாள். வந்து சேர்ந்த புது அட்டையில் பன்னிரண்டு இலக்கங்கள்: 198563504789. முன்னால் பத்தொன்பது, நடுவில் ஒரு பூச்சியம். அதே பெண், அதே பிறந்தநாள். எண் மட்டும் முற்றிலும் வேறு, பத்தொன்பதாயிரத்து எண்ணூறு கோடிக்கும் மேலே.

பிரேமிளா அதைக் கொட்டிலுக்குக் கொண்டுவந்து, மற்ற வேலை ஒன்றும் பார்க்காமல் கொப்பியைத் திறந்தாள். இதற்கு எத்தனை வருடம் பிடிக்குமோ என்று ஆசையோடு நினைத்துக்கொண்டே மூன்றைப் போட்டாள், போகவில்லை. ஏழு, இல்லை. பதினொன்று, ஒன்று மீதி. பதின்மூன்று...

மீதி இல்லை.

அவள் நம்பாமல் திரும்பவும் வகுத்தாள். மீதி இல்லை. நாலாவது அடியிலேயே விழுந்துவிட்டது! வந்த விடையை எதற்கும் இன்னொருதரம் பதின்மூன்றால் வகுத்துப் பார்த்தாள். அதுவும் மிச்சமின்றிப் போனது. பதின்மூன்று தர பதின்மூன்று! தனியே கொட்டிலுக்குள் இருந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

சிரித்து முடிந்து பார்த்தபோது, 1,174,931,981 என்று பத்து இலக்கங்கள் எஞ்சி நின்றன. மூன்றாவது தரம் பதின்மூன்றால் அவை அசையவில்லை. பிரேமிளா கதிரையை முன்னுக்கு இழுத்துப்போட்டாள். புதுப் பக்கத்தின் தலையில் பதினேழு என்று எழுதி, அடியில் கோடு கிழித்தாள். பதினாறு மீதி.

"வா" என்றாள் அந்த எண்ணைப் பார்த்து.